ஈயின் ஏடு

“எல்லாம் தலையெழுத்து!” என்று பெருமூச்சு விடுவோர் நம்மிடையே ஏராளம். பயிர் கருகினால் தலையெழுத்து. பிள்ளை நோயுற்றால் தலையெழுத்து. வறுமை வாட்டினால் அதுவும் தலையெழுத்து. எழுதியவன் எவன் என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவர். எழுதியதைக் காட்டுக என்றால், அது மனிதர் கண்ணுக்குப் புலப்படாது என்பர். புலப்படாத எழுத்து, படிக்க முடியாத மொழி, திருத்த இயலாத தீர்ப்பு! இம்மூன்றையும் நம்பித் தலைகுனிந்து நின்ற தலைமுறைகள்தாம் எத்தனை, எத்தனை!

ஆனால், தோழர்களே, உயிருக்குள் உண்மையிலேயே ஓர் எழுத்து உண்டு. அது நெற்றியில் இல்லை. உடலின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது. நான்கே எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கு அது. அதைப் படிக்கலாம், படித்ததைச் சரிபார்க்கலாம், பிழையாகப் படித்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். அவ்வாறு முழுமைக்கு நெருக்கமாகப் படிக்கப்பட்ட முதற் பூச்சியின் ஏடு, அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றி வட்டமிடும் சின்னஞ்சிறு பழ ஈயின் ஏடு. டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் வெளிவந்த ‘சயன்ஸ்’ இதழில் அந்த ஏடு உலகோர் கண்முன் விரிந்தது.

மன்னர்களின் வரலாற்றை எழுத ஆயிரம் பேர் உண்டு. ஈயின் வரலாற்றை எழுதுவானேன் என்று கேட்கலாம். முடிசூடிய மன்னர்கள் பலர் மனித குலத்துக்கு விட்டுச் சென்றது கல்லும் காரையும்தான். கைவிரலால் விரட்டப்படும் இந்த ஈயோ, நாம் யார், நம் பெற்றோரிடமிருந்து நாம் பெற்றது எது என்னும் பெருங்கேள்விக்கு விடையைத் தேடித் தந்தது. அந்தத் தேடலின் கதையில் அறிவின் வெற்றியும் உண்டு. அறிவுக்கு வேலி கட்ட முனைந்தோரின் கதையும் உண்டு. இரண்டையும் நாம் அறிந்தாக வேண்டும்.

*

நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ஓர் அறை. அகலம் 16 அடி, நீளம் 23 அடி. உள்ளே எட்டு மேசைகள். மேசைகளின் மேல் பால் புட்டிகள். புட்டிகளுக்குள் பிசைந்த வாழைப்பழம். அதன்மேல் மொய்க்கும் ஈக்கள். வந்து பார்த்தோர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பர். அந்த ‘ஈ அறை’யில்தான் தாமசு ஹண்ட் மோர்கன் என்னும் பேராசிரியர் தம் மாணவர்களோடு அமர்ந்து ஈக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

1910-ஆம் ஆண்டில் செங்கண் ஈக்களின் நடுவே வெண்கண் கொண்ட ஆண் ஈ ஒன்று தோன்றியது. அதனைச் செங்கண் பெண் ஈக்களோடு இணைத்தார் மோர்கன். முதல் தலைமுறையில், மூன்றே விலக்கு நீங்கலாக, 1,237 ஈக்களும் செங்கண்ணே பெற்றன. வெண்மை மறைந்தே போயிற்றா? இல்லை. அடுத்த தலைமுறையில் 2,459 செங்கண் பெண்கள், 1,011 செங்கண் ஆண்கள், 782 வெண்கண் ஆண்கள். வெண்கண் பெற்றவை அத்தனையும் ஆண்! ஆகவே, கண்ணின் நிறத்தை முடிவுசெய்யும் கூறு, பால் வேறுபாட்டோடு தொடர்புடைய குரோமோசோம் என்னும் இழையில் ஏறியே பயணம் செய்கிறது என்று முடிவு கண்டார். அருளால் வந்த முடிவன்று, தோழர்களே. ஆயிரக்கணக்கான ஈக்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி வந்த முடிவு.

மோர்கனின் மாணவர்களுள் ஆல்பிரடு ஸ்டர்ட்டிவாண்டு என்பவர் அப்போது பட்டம்கூடப் பெறாத இளைஞர். 1911-இல் ஒருநாள் ஆசிரியரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, மரபுக் கூறுகள் இணைபிரியாது செல்வதும் பிரிந்து செல்வதும் அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவைக் காட்டக்கூடும் என்று அவருக்குத் தோன்றியது. கல்லூரிப் பாடத்தை மூடிவைத்துவிட்டு இரவின் பெரும்பகுதி விழித்திருந்து, ஆறு கூறுகள் அந்த இழையில் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்று வரைந்து முடித்தார். 1913-இல் வெளியான அதுவே உலகின் முதல் மரபணு வரைபடம். அறிவு நரைமுடிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த அறையின் சிறப்பு இன்னொன்றும் உண்டு. எவர் கேட்டாலும் ஈக்களைக் கொடுத்தார்கள். 1922-இல் ஹெர்மன் முல்லர் என்னும் மாணவர் சோவியத் நாட்டுக்குச் சென்றபோது, மோர்கன் அறையில் வளர்ந்த ஈக்களையே கையுறையாகக் கொண்டு சென்றார். 1934-இல் கால்வின் பிரிட்ஜசும் டெமெரெக்கும் ஒரு செய்தியேட்டைத் தொடங்கினர். எந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் எந்த ஈ இருக்கிறது, புதிதாகக் கண்டது என்ன என்பவற்றை அதன் வழியே ஈ ஆராய்வோர் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டனர். கண்டதை ஒளிப்பது கள்வர் இயல்பு. கண்டதைக் கொடுப்பது அறிஞர் இயல்பு என்னும் பண்பாடு இந்த ஈயைச் சுற்றி வளர்ந்தது.

*

வளர்ந்த பயிருக்கு இருபுறமும் வேலிகள் எழுந்தன.

முதல் வேலியை எழுப்பியவர்கள் பிறப்பின் பெயரால் உயர்வு தாழ்வு பேசியவர்கள். வெண்கண் ஈ பிறந்த அதே 1910-இல், நியூயார்க்கை அடுத்த கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் சார்லசு டேவன்போர்ட்டு ஓர் அலுவலகத்தை அமைத்தார். ‘நல்ல பிறப்பு’ ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர். குடும்பங்களின் கதைகளைத் திரட்டி, இவர் உயர்ந்த விதை, அவர் தாழ்ந்த விதை என்று முத்திரை குத்தும் பணியே அங்கு நடந்தது. வறுமையும் கல்லாமையும்கூடக் குருதியில் வருவதாகக் கூறினர். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘தகுதியற்றவர்’ எனப்பட்டோருக்கு வலிந்து கருத்தடை செய்வதற்கு இசைவும் தந்துவிட்டது! ஈக்களை எண்ணி எண்ணி உண்மை கண்ட மோர்கனோ, கண்ணின் நிறத்தைக் கண்டறியவே இத்தனை ஆயிரம் ஈக்கள் வேண்டியிருக்க, மனிதனின் குணத்தைக் கேள்விச் செய்தி கொண்டு தீர்ப்பதா என்னும் நிலையில் நின்றார். 1915-இல் அந்தக் கூட்டத்தாரின் குழுவிலிருந்து விலகினார். பிறப்பால் தாழ்வு என்னும் பழைய பொய், அறிவியலின் அங்கியைப் போர்த்துக்கொண்டு வந்தபோது, அங்கியை விலக்கிப் பார்த்தவரும் அறிவியலாரே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இரண்டாவது வேலியை எழுப்பியது ஆட்சி பீடம். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர், மரபணு என்று ஒன்றே இல்லை என்றார். ஈ வளர்ப்போர் உழவனுக்கு உதவாத வீணர் என்று எள்ளினார். ஆட்சியின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. தம் நாட்டு வேளாண்மைக்காக உலகெங்கும் விதைகளைத் திரட்டிய பேரறிஞர் வாவிலோவ் 1940-இல் சிறைப்பட்டு, 1943-இல் சராத்தோவ் சிறையிலேயே மாண்டார். ஈக்களோடு சென்ற முல்லர், பின்னர் அங்கே சில ஆண்டுகள் பணியாற்றி, 1937-இல் வெளியேறினார். 1948 ஆகஸ்டில் லைசென்கோவின் கொள்கையே அரசின் கொள்கை என்று அறிவிக்கப்பட்டது; மரபியல் ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டன. 1960-களின் நடுவில் அவரது செல்வாக்குச் சரியும் வரை அந்த இருள் நீங்கவில்லை. பொதுவுடைமையின் பெயரால் செய்தாலும், புராணத்தின் பெயரால் செய்தாலும், ஐயம் எழுப்புவோரைச் சிறையிலிடுவது அறிவுக்குச் செய்யும் கேடே!

*

வேலிகளுக்கு அப்பால் ஆராய்ச்சி வளர்ந்தது. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவத்தை வெளியிட்டனர். ரோசலிண்டு பிராங்ளின் எடுத்த எக்சு கதிர்ப் படங்கள் அதற்குத் துணை நின்றன. அந்த ஏணியின் படிகளாக அமைந்த நான்கு வேதிப்பொருள்களே உயிரின் நான்கு எழுத்துகள். 1977-இல் பிரெடரிக் சேங்கர் அவ்வெழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறையை வகுத்தார். ஆனால், அம்முறையில் ஒரே மூச்சில் படிக்கக்கூடியவை சில நூறு எழுத்துகள் மட்டுமே. ஈயின் ஏட்டிலோ ஏறத்தாழ 18 கோடி எழுத்துகள்! ஐந்நூறு எழுத்துகளுக்கு மேல் ஒருசேரப் படிக்கவியலாத கண், 18 கோடி எழுத்துகளின் ஏட்டை எங்ஙனம் படிக்கும்?

நம் தமிழ் ஏடுகளின் நிலையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். செல்லரித்தும் முறிந்தும் வரிசை கலைந்தும் கிடந்த ஓலைகளைச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாத ஐயரும் எவ்வாறு நூலாக்கினர்? ஒரே நூலின் பல படிகளைத் தேடிச் சேர்த்தனர். ஒரு படியில் முறிந்த இடம் மற்றொரு படியில் முழுமையாக இருக்கும். ஒத்த வரிகளை ஒட்டிப் பார்த்து, விட்ட இடத்தைத் தொட்டுத் தொடர்ந்தனர்.

ஈயின் ஏட்டுக்கும் அதுவே வழி. ஆனால், முறிந்த ஓலைக்குக் காத்திராமல், தாமே முறித்தனர்! டி.என்.ஏ.வின் எண்ணற்ற படிகளைக் கண்டபடி துண்டுகளாகச் சிதறடித்தனர். வேட்டைத் துப்பாக்கியிலிருந்து ரவை சிதறுவது போன்றது என்பதால் அதற்குச் ‘சிதறு ரவை முறை’ எனலாம். ஒவ்வொரு படியும் வெவ்வேறு இடத்தில் முறியும். ஆகவே ஒரு துண்டின் கடைசி எழுத்துகள் மற்றொரு துண்டின் நடுவிலே வரும். ஒத்த பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தால், ஏடு நீளும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டிலே பல்லவி திரும்பத் திரும்ப வருவதுபோல, உயிரின் ஏட்டிலும் ஒரே தொடர் பல நூறு இடங்களில் வரும். பல்லவி மட்டும் எழுதிய துண்டு கையில் கிடைத்தால், அது எந்தச் சரணத்துக்கு உரியது என்று எப்படி அறிவது? தவறான இடத்தில் ஒட்டினால் ஏடே பாழ். இதற்கு ஒரு வழி கண்டனர். நீண்ட துண்டு ஒன்றின் இரு முனைகளை மட்டும் படித்தனர். இரு முனைகளுக்கும் இடையே உள்ள தொலைவு முன்னரே தெரியும்: சிலவற்றில் ஏறத்தாழ 2,000 எழுத்துகள், சிலவற்றில் 10,000, இன்னும் சிலவற்றில் 1 இலட்சத்து 30 ஆயிரம் அளவு. அளந்த கயிற்றால் கட்டிய இரண்டு ஓலைகள் என்று கொள்வோம். ஓர் ஓலைக்கு இடம் தெரிந்தால், கயிற்றின் நீளம் மற்ற ஓலையின் இடத்தைச் சொல்லிவிடும். நடுவிலே பல்லவி எத்தனை முறை வந்தாலும் கயிறு அதனைத் தாண்டிவிடும்!

இம்முறையால் 1995-இல் ஒரு நுண்ணுயிரின் 18 இலட்சம் எழுத்துகள் படிக்கப்பட்டன. இதையே மனித ஏட்டுக்கும் கையாளலாம் என்று 1997-இல் ஜேம்சு வெபரும் யூஜின் மையர்சும் எழுதினர். ஆகாது, பிழை மலியும் என்று பில் கிரீன் அதே இதழில் மறுத்து எழுதினார். ஏட்டை முதலில் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வரிசை கண்டபின் படிப்பதே பாதுகாப்பு என்பது பலரின் கருத்து. சொல்லால் தீராத வழக்கு அது. செய்து பார்த்தே தீர்க்க வேண்டும். தீர்ப்புக் கூறும் நடுவராக வந்தது நம் ஈ.

*

1998 மே திங்களில் கிரெய்க் வென்டர் என்பவர் செலரா என்னும் தனியார் நிறுவனத்தைத் தொடங்கினார். மனித ஏட்டைப் பொதுப் பணத்தில் படித்துவந்தோருக்கு முன்னரே படித்துவிடுவதாக அறைகூவினார். அம்மாதமே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் அறிஞர் கூடினர். ஆம், ‘உயர்ந்த விதை, தாழ்ந்த விதை’ என்று முத்திரை குத்திய அதே ஊர்! அங்கே வென்டர், ஈயின் ஏட்டைப் படித்துவந்த பெர்க்கிலி பல்கலைக் கழகத்து ஜெரால்டு ரூபினை அணுகி, முறையை ஆய்ந்து பார்க்க ஈயையே முதலில் படிக்க விரும்புவதாகக் கூறினார். ரூபின் இசைந்தார். ஆனால், படித்தது யாவும் பொதுச் சேமிப்பகத்தில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது உடன்பாடு. ஈ அறையின் கொடைப் பண்பு அந்த உடன்பாட்டிலும் உயிர்த்திருந்தது.

1999-இல் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் நகரில் இயந்திரங்கள் இரவு பகலாக இயங்கின. சுமார் 500 எழுத்து நீளமுள்ள துண்டுகள் 30 இலட்சத்துக்கும் மேல் படிக்கப்பட்டன. எளிதில் படிக்கக்கூடிய பகுதி ஏறத்தாழ 12 கோடி எழுத்து. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒவ்வோர் எழுத்தும் சராசரியாகப் பன்னிரண்டு முறைக்கு மேல் படிக்கப்பட்டுவிட்டது! மையர்சும் அவர்தம் தோழர்களும் எழுதிய நிரல்கள் அத்துண்டுகளை ஒட்டின. சரியாக ஒட்டினவா? மைக்கேல் ஆஷ்பர்னரும் பிறரும் முன்னரே வேறு முறையில் கவனமாகப் படித்துவைத்திருந்த 29 இலட்சம் எழுத்துப் பகுதி ஒன்று இருந்தது. அதனோடு ஒப்பிட்டனர். ஒத்தது! அவ்வாண்டு நவம்பரில் பல நாட்டு ஈ அறிஞர்களும் கணினி வல்லுநர்களும் சுமார் நாற்பது பேர் ராக்வில்லில் கூடி, ஏறத்தாழ இரு வாரம் அமர்ந்து, எழுத்துக்குப் பொருள் எழுதினர்.

கண்டது என்ன? ஈயின் ஏட்டில் ஏறத்தாழ 13,600 மரபணுக்கள். மனித நோய்களோடு தொடர்புடைய 289 மரபணுக்களை எடுத்து ஒப்பிட்டபோது, 177-க்கு ஈயிடம் உறவு இருந்தது. மனிதனுக்கே முப்பதாயிரமோ இலட்சமோ என்று அன்று மதிப்பிட்டனர்; இன்றைய கணக்கில் புரதம் ஆக்கும் மரபணுக்கள் நமக்குச் சுமார் 20,000-தான். இன்னும் வியப்பு: 1995-இலேயே வால்ட்டர் கேரிங்கும் அவர் குழுவினரும், எலியின் கண்ணை உருவாக்கும் மரபணுவை ஈயின் உடலில் இயக்கிக் காட்டினர். ஈயின் காலிலே கண் முளைத்தது. எலிக் கண்ணன்று, ஈக் கண்! எலியின் கட்டளை ஈக்குப் புரிகிறதென்றால், இரண்டுக்கும் மூதாதை ஒன்று என்பதன்றி வேறு பொருள் என்ன? முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கதை கட்டினோர் இந்த ஏட்டைப் படித்துப் பார்க்கட்டும்!

இதனினும் நாம் போற்றுவது ஒன்று உண்டு. ஈயின் ஏட்டில் மூன்றில் ஒரு பகுதி, பல்லவியே மலிந்த பகுதி. அன்றைய முறைக்கு அது எட்டவில்லை. எட்டிய பகுதியிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடைவெளிகள். என்ன செய்தனர்? கற்பனையால் நிரப்பினரா? இல்லை. படிக்கப்படாத எழுத்து என்பதைக் குறிக்க ‘என்’ என்னும் குறியீட்டை இட்டு, இங்கே எமக்குத் தெரியாது என்று ஊரறிய எழுதிவைத்தனர். பின்வந்தோர் ஒவ்வொன்றாக நிரப்பினர். 2007-இல் எட்டாத பகுதியின் ஒரு பங்கு படிக்கப்பட்டது. அவ்வாண்டே பன்னிரண்டு பழ ஈ இனங்களின் ஏடுகளை ஒப்பிட்ட ஆய்வும் வந்தது. பள்ளியில் பாடம் சொல்லும் நாம், ‘தெரியாது’ என்னும் சொல்லை மாணவர் அஞ்சாமல் சொல்லப் பழக்குவதே பகுத்தறிவின் முதற்பாடம் என்போம். தெரியாத இடத்தைப் புராணத்தால் நிரப்பியவர்கள், பிறகு தேட வேண்டிய தேவையே இல்லாமற் செய்துவிட்டார்கள். தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விட்டவர்கள், தேடுவோருக்கு வழி திறந்துவிட்டார்கள்.

*

ஈயின் ஏடு வெளிப்படையாயிற்று. மனிதனின் ஏடு என்னவாயிற்று? 2001 பிப்ரவரியில் இரு தரப்பாரும் தத்தம் முடிவுகளை வெளியிட்டனர். பொதுப் பணத்தில் படித்தோர், 1996-இல் பெர்முடாவில் செய்துகொண்ட முடிவின்படி, படித்ததை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கு அளித்துவந்தனர். செலரா தன் ஏட்டுக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் வைத்தது. 2005-இல்தான் அதையும் பொதுவில் வைக்க முன்வந்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய இரு மரபணுக்களுக்கே மற்றொரு நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது! தன் உடலில் உள்ள எழுத்தைத் தான் அறிய, ஒரு பெண் பிறரது உரிமைச் சீட்டைத் தாண்ட வேண்டுமாம். 2013 ஜூன் 13-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய வடிவுக்கு உரிமை தரலாமேயன்றி, இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததற்காக எவரும் உரிமை கோர முடியாது என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது.

‘இதை நீ படிக்கலாகாது’ என்று தடுத்த குரலை நம் நாடு நன்கு அறியும். குலத்தைக் காட்டித் தடுத்தது அன்று. விலையைக் காட்டித் தடுப்பது இன்று. குரல் மாறினாலும் குறி ஒன்றே. ஆகவேதான் ஈயின் ஏடு நமக்கு வெறும் அறிவியல் செய்தி அன்று. பால் புட்டியை வேண்டியவர்க்கெல்லாம் கொடுத்தவர்களும், ஆட்சிக்கு அஞ்சாது மாண்டவர்களும், தெரியாததைத் தெரியாது என்றவர்களும், கண்டதைப் பொதுவில் வைத்தவர்களும் தொண்ணூறு ஆண்டுகள் சேர்ந்து படித்த ஏடு அது.

உயிரின் எழுத்தும் விதியன்று. மரபணு ஒன்றின் பிழையைக் கண்டறிந்தால் மருந்து தேடலாம். மருந்து கிட்டாவிடினும் காரணம் அறியலாம். காரணம் அறிந்தவன் சாபம் என்று அஞ்சமாட்டான். கற்க விரும்பும் இளைஞர்க்கு அந்த ஏடு இன்றும் பொதுச் சேமிப்பகத்தில் கட்டணமின்றித் திறந்தே கிடக்கிறது. எவரும் படிக்கலாம், எவரும் பிழை காட்டலாம். படிக்க முடியாத தலையெழுத்தை எண்ணி அழுதது போதும், தோழர்களே! படிக்கக்கூடிய எழுத்தைப் படிக்கவும், அதற்கு எவரும் பூட்டுப் போடாமல் காக்கவும் முன்வருவோம்!